தண்ணியும் சோப்புத் தண்ணியும்

ஜூன் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். திருவொற்றியூர் பஸ்ஸில் ஜன்னல் சீட், பாதித் தூக்கம். லேபில் பழைய வேலைதான். ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு சூடு வருகிறது என்று பார்ப்பது. வெறும் தண்ணீரில் பென்டனால் என்ற ஆல்கஹாலை விட்டால் சூடு. தரை கழுவும் சோப்புக் கரைசலில் விட்டால் அந்தச் சூடு குறைந்துபோகிறது. சோப்பின் நுண்துகள்கள் கூட்டமாகக் கூடி, நடுவில் அதை ஒளித்துக்கொள்கின்றன. மத்தியானமெல்லாம் நானும் அந்தக் கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல ஒரு மயக்கம். சுகமாக இருந்தது.

வாங்க: பூண்டு, துணி சோப்பு, செல்வத்துக்கு லுங்கி.

என் வீட்டுக்காரர் செல்வம் குடியை விட்டு மூன்று மாதம் ஆகப்போகிறது. வாய்விட்டுச் சொல்லப் பயம். கண் பட்டுவிடும்.

ஜூன் 5, புதன்

லேபில் துப்பட்டா மேல் பென்டனால் கொட்டிவிட்டது. காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். பஸ் காற்றில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் குப்பென்று சாராய நெடி. செல்வம் கட்டிலில் படுத்திருந்தார்.

"தண்ணி போட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

எழுந்து வந்து என் துப்பட்டாவையே என் மூக்கில் வைத்தார்.

"மோந்து பாரு மே. தண்ணிய வுட்டது நானு, வாசனயோட வர்றது நீயி."

தலையணையோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அவமானம். அழுகையும் வந்தது.

ஜூன் 7, வெள்ளி

கடல் காற்று. காசிமேட்டுப் பக்கம் நடந்தோம். அவராகவே பேச்செடுத்தார்.

"அந்த சோப்புத் தண்ணில இன்னாதான் நடக்குது?"

சொன்னேன். ஆல்கஹால் துகளுக்கு வால் மாதிரி ஒரு சங்கிலி உண்டு என்பதையும்.

"அப்ப சரக்கு உள்ள பூந்துகினா அடங்கிடுதா?"

"நீள வாலு இருக்கறதுதான் உள்ள போகும். நீ குடிச்சது குட்ட வாலு. வெளியவே சுத்தும்."

சிரித்தார். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து. தூரத்தில் கப்பல் விளக்குகள், ஆகாயத்தில் நிற்பது போல. வீட்டுக்கே போக வேண்டாம் என்றிருந்தது.

திடீரென்று, "நேத்து கூட்ஸ் ஷெட்ல வேல முட்சி வர்றப்ப பிராந்திக் கட வாசல் வரிக்கும் போய்ட்டேன் மல்லி. துட்டக்கூட கைல எடுத்துட்டேன்."

நின்றுவிட்டேன். "அப்புறம்?"

"திரும்பிட்டேன். நாளிக்கு எப்டினு தெர்ல. அந்த வயியாத்தான வூட்டுக்கு வரணும்."

ஜூன் 8, சனி

லேபுக்கு லீவு சொல்லியாயிற்று. வயிற்றுவலி என்று பொய். அவர் வேலை விடும் நேரத்துக்குக் கொருக்குப்பேட்டை போய் ஷெட் வாசலில் நிற்கப்போகிறேன். அவரிடம் சொல்லவில்லை. கடையைத் தாண்டும் வரைக்கும் விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.