எட்டாவது படலம்

அன்பு அக்காவுக்கு,

நானும் உன் மகளும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீதான் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாயாம், வார்டு நர்ஸ் போனில் சொன்னார். பக்கத்தில் பெஞ்சு காலியாகத்தானே கிடக்கிறது? காலை நீட்டிப் படு. ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேள்.

உன் மகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். நான் பின்னிவிட்ட சடையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சித்தி, ஒண்ணு மேல பாக்குது, ஒண்ணு கீழ பாக்குது, நீங்க லேப்ல என்னதான் வேலை பாக்குறீங்க?" என்று கேட்கிறாள். வாய் அப்படியே உன்னுடையது.

லேபில் என்னதான் வேலை பார்க்கிறேன் என்பதைத்தான் உனக்கும் சொல்ல வந்தேன். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் அந்தரத்தில் நிற்கும். அதனால்தான் மருந்துப் பெட்டி கொண்டுவரும் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாய்லர் வெடித்து அத்தானின் கால் வெந்த பிறகு, அவர் தோலில் தபால்தலை அளவு வெட்டி எங்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அதிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, மெல்லிய சிலிக்கோன் படலத்தின் மேல் விட வேண்டும். அவை அதில் ஒட்டிக்கொண்டதும், படலத்தைக் கவிழ்த்துப் புண்ணின் மேல் வைப்பார்கள். ஆனால் சும்மா இருக்கும் சிலிக்கோனில் எந்த செல்லும் உட்காராது. அதற்குத்தான் என் மெஷின். மூடிய பெட்டிக்குள் படலத்தை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், மிச்சமிருக்கும் காற்று ஊதாவாக ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. அது இரண்டு நிமிடம் பட்டால் போதும், செல் ஒட்டுகிற மாதிரி படலத்தின் மேற்பரப்பு மாறிவிடும்.

அந்தக் குணம் நிலைக்காது என்பதுதான் சிக்கல். ஒரு நாள் தாண்டினால் ஒரு படலத்தில் தண்ணீர் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு பரவினால் சரி. குண்டாக உருண்டு நின்றால் எல்லாவற்றையும் திரும்ப மெஷினில் வைக்க வேண்டும். சொட்டு விட்ட படலம் மட்டும் குப்பைக்குப் போகும்.

அத்தானுக்காக எட்டுப் படலங்களைப் புதன்கிழமையே ஆசை ஆசையாகத் தயார் செய்து வைத்தேன். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வந்து, டாக்டர் தேதியைத் தள்ளி வைத்துவிட்டார். திங்கட்கிழமை எட்டையும் எடுத்தபோது, சொட்டுப் பார்க்க ஒன்றை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை, அக்கா. ஏழு போதும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு இருந்தால் முழங்கால் வரைக்கும் தாராளமாக வருமே என்று நினைத்து, சொட்டுப் பார்க்காமலே எட்டிலும் செல்களை விட்டுவிட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் லேபே அதிரக் கத்தியிருப்பேன். என் அத்தான் என்றதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், எட்டிலும் ஒரு செல்கூட ஒட்டவில்லை. எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. நல்லவேளை, அவர் காலில் வைப்பதற்கு முன்பே தெரிந்தது. எங்கள் மேடத்திடம் அன்றே ஒப்புக்கொண்டேன். வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டேன். உனக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதற்குள், செல் ஒட்டவில்லை என்று மட்டும் டாக்டர் சொல்லிக் கேட்ட அத்தான், "என் உடம்புல சத்தே இல்ல, என் செல்லே என்னைக் கைவிட்டுடுச்சு, இனிமே என் தோல்ல யாரும் கத்தி வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். நீ அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் உடம்பின் மேல் பழி விழ, நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனே!

குப்பியில் அவருடைய செல்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. நேற்று புதுப் படலம் இரண்டை மெஷினில் வைத்து எடுத்து, ஒன்றில் சொட்டுப் பார்த்துவிட்டு, மற்றதில் அவற்றை விட்டேன். இன்று காலை பார்த்தேன். ஒட்டியிருக்கின்றன, அக்கா! கையைக் காலை விரித்து, சொந்த வீடு மாதிரி படுத்திருக்கின்றன. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "செல்லுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் இந்தக் கொஞ்சம் அவர் காலுக்குக் காணாது. இன்னொரு தபால்தலை அளவு தோல் வேண்டும். வியாழக்கிழமைக்குள் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் டாக்டர் எடுப்பார். இந்த முறை மெஷினை இயக்குவது நான் இல்லை, வேறொருவர். நானே மேடத்திடம் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையும் முழுங்கிவிடாதே. தப்பு செய்தது நான், அவர் உடம்பு இல்லை. அவர் என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். வாய் வலிக்கும் வரை திட்டட்டும். முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திட்டச் சொல்.

உங்கள் இருவரின் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
உன் தங்கை