தொண்ணூறு நாள் செல்லும் எண்

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனை எடுத்தால் உனக்கும் எனக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன மாதம் "இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி?" என்று நீ கேட்டதும் நான் பட்டென்று வைத்துவிட்டேன். உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். காகிதத்தில் என்றால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன்.

உன் அண்ணன் காணாமல் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மார்ச் முதல் வாரம், அவர் வேலைக்குப் போன நாட்டுக்கு மறுபடி கிளம்புகிறேன். லென்ஸ் வெட்டும் மெஷினில் எனக்குப் பதில் உட்கார ஆளில்லை என்று கண்ணாடிக் கடை முதலாளி முகம் சுளித்தார். பிறகு விட்டுவிட்டார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்குப் பத்து நாள். அதற்கு மேல் என்னால் முடியாது.

உன் செல்போன் கடைத் தொழிலில் ஒரு சந்தேகம். போன தடவை இங்குள்ள சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு போனேன். டேட்டாவை அணைக்கத் தெரியாமல் இரண்டே நாளில் எல்லாம் கரைந்தது. மீதி எட்டு நாள் ஊமை போனோடு தெருத்தெருவாக அலைந்தேன். அவரைத் தேடி ஒட்டும் நோட்டீசில் வெளிநாட்டு எண்ணைப் பார்த்தால் அங்கே யாரும் கூப்பிடுவதும் இல்லை. என்னைப்போல் எப்போதாவது போகிறவளுக்கு எந்தத் திட்டம் சரி? ஊருக்கெல்லாம் சொல்கிறாய், எனக்கும் சொல்லேன்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். போனில் கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று கடையில் ஒருவரோடு சண்டை, அந்த எரிச்சலை உங்கள் மேல் காட்டினேன்.

கவுண்டருக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். இங்குள்ள சிம்மில் ரோமிங் பேக் போட்டால் பத்து நாளோடு முடிந்துவிடும், எண்ணும் மாறாது. சுற்றுலா சிம் என்று ஒன்று விற்கிறோம். இன்டர்நெட் தாராளம், ஆனால் உங்களை யாரும் கூப்பிட முடியாது. உங்களுக்கு அந்த நாட்டு ப்ரீபெய்ட் சிம்தான் சரிப்படும். அதிலேயே சின்னத் திட்டம் ஒன்று இருக்கும். ஒரு தடவை ரீசார்ஜ் செய்தால் தொண்ணூறு நாள் செல்லும், நாடு தாண்டினாலும் அழைப்பு வரும். அதைத்தான் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பெரிய டேட்டா பேக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார். நானும் அப்படிக் கட்டுகிறவள்தான், அதனால் சொல்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தொண்ணூறு நாளுக்குள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் செத்துவிடும். கொஞ்ச நாள் பொறுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அப்புறம் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. உங்கள் போனில் ஒரு சிம்தானே போட முடியும்? திரும்பி வந்ததும் அதை எனக்கு அனுப்பிவிடுங்கள். பழைய பட்டன் போனில் போட்டுக் கவுண்டரிலேயே வைத்துக்கொள்கிறேன். எந்த அழைப்பு வந்தாலும் எடுப்பேன். ரீசார்ஜ் என் பொறுப்பு.

அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. மற்றபடி நலம்.

உங்கள்,
சிட்டு

மார்ச் 21

அன்புள்ள சிட்டுவுக்கு,

நல்லபடியாகத் திரும்பி வந்தேன். நீ சொன்ன திட்டத்தையே வாங்கினேன். பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த எண்ணைப் போட்டு முந்நூறு நோட்டீஸ் அடித்தேன். பஸ் நிறுத்தம், சலவைக்கடை, ஆஸ்பத்திரிப் பலகை, வேலையாட்கள் தங்கும் விடுதிகள் என்று ஓர் இடம் விடவில்லை. பசை பட்டு விரல்களெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் அதே அதிகாரி, அதே நாற்காலி. அவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில், வேலையை விட்டு ஓடிப்போனவர் என்று கோப்பை மூடிவிட்டார்களாம். அவர் தங்கியிருந்த விடுதிச் சமையல்காரர்தான் நின்று பேசினார். நம் மொழிக்காரர். "சார்ஜர் வாங்கிட்டு வந்துடறேன், சாப்பாடு எடுத்து வைங்கன்னு சொல்லிட்டுத்தாம்மா போனாரு. ரெண்டு நாள் எடுத்து வச்சேன்" என்றார். ஓடிப்போகிறவர் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்வாரா, சிட்டு?

சிம்மை இத்துடன் அட்டையில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பத்திரம். இப்போது நமக்கும் அவருக்கும் நடுவே இருப்பது இது ஒன்றுதான்.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

ஜூன் மூன்றாம் தேதியே ரீசார்ஜ் செய்துவிட்டேன், கவலை வேண்டாம்.

அழைப்புகள் வருகின்றன. ஒருவர் வாடகைக்கு அறை இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பெண் என்னவோ சொன்னாள், புரியவில்லை, விசும்பிவிட்டு வைத்துவிட்டாள். நம் மொழிக்காரன் ஒருவன் வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறான். அண்ணன் எங்கே எப்படிச் செத்தார் என்று தடவைக்கு ஒரு கதை சொல்லிவிட்டுச் சிரிப்பான். எண்ணை மறைத்துக் கூப்பிடுவதால் தடுக்கவும் வழியில்லை. அவனாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே எடுக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம் அல்லவா.

அந்த மணி அடித்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறேன். வாடிக்கையாளர் எதிரே நின்றுகொண்டிருப்பார். சிரித்துக்கொண்டே எடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள்,
சிட்டு

ஜூலை 10

அன்புள்ள சிட்டுவுக்கு,

படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. அவன் நாசமாய்ப் போகட்டும். ஆனால் நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நூறு பொய் அழைப்புக்கு நடுவில் ஒன்று நிஜமாக வரும். எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இந்த மாதம் போகலாம் என்றிருந்தேன், விசா மறுத்துவிட்டார்கள். இனி டிசம்பர்தான். அதுவரை நீதான் அங்கே எனக்குக் காது.

அன்புடன்,
அண்ணி

நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

சிம்மை அனுப்பியிருக்கிறேன். சொல்லும்படியாக அழைப்பு எதுவும் வரவில்லை. கடையில் கூட்டம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு

டிசம்பர் 16

அன்புள்ள சிட்டுவுக்கு,

நேற்றுத்தான் வந்தேன். பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. போனில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் இறங்கிச் சிம்மைப் போட்டால் சிக்னல் இல்லை. கடையில் கொடுத்துப் பார்த்தேன். எண் இப்போது வேறொருவருடையது என்றார்கள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அந்தக் கடைத் தொலைபேசியிலிருந்தே என் எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவளாம். கெஞ்சிக் கூத்தாடி அவளை நேரில் போய்ப் பார்த்தேன்.

அக்டோபரிலிருந்து அவளிடம்தான் அந்த எண் இருக்கிறது. நவம்பரில் யாரோ ஓர் ஆள் கூப்பிட்டிருக்கிறான். நோட்டீசில் உள்ளவரைப் பார்த்தேன், காலில் கட்டுப் போட்டிருக்கிறது, யாரிடமும் பேச மாட்டேன் என்கிறார், வந்து கூட்டிப் போங்கள் என்றானாம். தப்பான எண் என்று இவள் வைத்துவிட்டாள். மறுநாளும் கூப்பிட்டிருக்கிறான், மறுபடி வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுடைய சின்னப் போனில் கடைசி இருபது அழைப்புகள்தான் நிற்குமாம். அவன் எண் எப்போதோ அழிந்துவிட்டது.

நோட்டீஸ் ஒட்டிய இடமெல்லாம் மறுபடி போனேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ரீசார்ஜ் ஏறாமல் போயிருக்குமோ? உங்கள் கடை மெஷினில் கோளாறு ஏதாவதா? வேலை நெருக்கடியில் தேதி தவறியிருந்தாலும் சொல். மனுஷர்தானே, மறப்பது சகஜம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அண்ணி

டிசம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. நான் மறக்கவும் இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அம்மா கடைக்கு வந்திருந்தாள். நான் ஒருவருக்குப் போன் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த மணி அடித்தது. அம்மா எடுத்துவிட்டாள். அவன்தான். அண்ணனை எந்தக் குழியில் போட்டார்கள் என்று ஆரம்பித்து முழுக்கச் சொல்லியிருக்கிறான். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "எனக்கு ஒரு பொண்ணு மட்டும்தான். இனிமே அவனைப் பத்தி என்கிட்ட யாரும் பேசாதீங்க" என்றாள்.

அதே மாதக் கடைசியில், ரீசார்ஜ் முடிய இன்னும் இரண்டு நாள்தான் என்று செய்தி வந்தது. அன்று நாற்பது பேருக்காவது ரீசார்ஜ் செய்திருப்பேன். உங்கள் எண்ணை அடிக்க அரை நிமிடம் ஆகாது. அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை, அண்ணி. பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செத்த சிம் என்று தெரிந்தேதான் உங்களுக்கு அனுப்பினேன். கூப்பிட ஓர் எண் இல்லையென்றால் நீங்களும் தேடுவதை விட்டுவிட்டு வாழ ஆரம்பிப்பீர்கள், முப்பத்தாறு வயதுதானே ஆகிறது என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இப்போது அந்தக் கால் கட்டுத்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

திட்டியாவது எழுதுங்கள்.

சிட்டு

ஜனவரி 30

சிட்டுவுக்கு,

உன் கடிதம் வந்த மறுவாரமே, அவரைத் தேடி இந்த நாட்டுக்கே மறுபடி வந்துவிட்டேன். முதலாளியிடம் விடுப்புக் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டேன்.

மூன்று ஆஸ்பத்திரிகளில் பதிவேடு பார்த்தேன். ஒன்றில், அடையாளச் சீட்டு இல்லாத ஓர் ஆளுக்குக் காலில் கட்டுப் போட்டு நவம்பர் கடைசியில் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எங்கே போனார் என்று எழுதவில்லை. படத்தைப் பார்த்த நர்ஸ், "இருக்கலாம்" என்றாள். திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையேதான் சொன்னாள். அதற்கு மேல் இங்கே ஒன்றும் இல்லை. பழைய நோட்டீஸ்களில் பாதி கிழிந்துவிட்டது. மீதியில் எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டு வருகிறேன்.

அந்தச் சலவைக்காரப் பெண்ணிடம் எண்ணைத் திருப்பிக் கேட்டேன். மகளின் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் கொடுத்திருக்கிறாள், மாற்ற முடியாது என்றாள். ஆனால் இனி யாராவது கூப்பிட்டு அவரைப் பற்றிச் சொன்னால் வைக்க மாட்டாளாம். இஸ்திரி மேஜைக்கு மேலே சுவரில் என் புது எண்ணைக் கரியால் எழுதிக்கொண்டாள். நான் கேட்காமலே எழுதினாள்.

நடந்ததை அத்தையிடம் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. அவர்களுக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் எழுந்து நோட்டீஸ் ஒட்டப் போய்விட்டேன்.

நீ சொன்ன அதே திட்டத்தைத்தான் மறுபடி வாங்கியிருக்கிறேன். தொண்ணூறு நாள் செல்லும். ரீசார்ஜ் செய்ய நானே கற்றுக்கொண்டேன். எண்ணை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

அண்ணி