வாய்வார்த்தையில் கிடைத்த அரைமணி

ஜூலை 9, புதன்

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.

பாப்பாவுக்குப் பாலூட்ட என்று சட்டம் தினமும் தரும் இரண்டு கால்மணி நேரத்தைக் கம்பெனி ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் வேலை ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில், பாப்பா பஸ் ஏறிப் போகும் தூரத்தில், சத்தியவேட்டில் நாத்தனாரிடம். கால்மணியில் கம்பெனி கேட்டுவரை போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். பிரசவ லீவு முடிந்து வந்த நாளிலிருந்து, பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போதெல்லாம் பாத்ரூம் வாஷ்பேசினில்தான் பீய்ச்சி ஊற்றினேன்.

இன்று பொறுக்கமாட்டாமல் லைன் சூப்பர்வைசர் பத்மா மேடத்திடம் கேட்டேவிட்டேன். "அந்த ரெண்டையும் சேத்து ஷிப்டு கடைசில குடுத்துடுங்க மேடம். முன்னாடி பஸ்ஸப் புடிச்சிக்கினு போயிடுவேன்."

மேடம் தெலுங்கில் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "சரே, போம்மா. ஆனா பேப்பர்ல எழுதிக் கேக்காத. எழுதிக் கேட்டா மேல இருக்கறவங்க முடியாதுன்னுதான் எழுதுவாங்க" என்றார்.

நாளைக்கு மேடத்தை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டால்? வேண்டாம், இன்றைக்கு அதை யோசிக்க மாட்டேன்.

வீட்டில் நுழைந்ததுமே பாப்பா என் யூனிபாரத்தைப் பிடித்து இழுத்தாள். கை கழுவக்கூட விடவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

இன்று மேடம் சரி என்ற பிறகு ஒரு சொட்டுகூட வாஷ்பேசினுக்குப் போகவில்லை.