காகிதத்தில் போன கால்கள்

நம்பலா கிராமம்
14 ஜனவரி 2003

என் மகள் எஸ்னாத்திக்கு,

அப்பா யோத்தாமு சொல்லச் சொல்ல, மாவு மில் ஜெமுசி எழுதுகிறார். நான் எழுந்து நடமாடுகிறேன். பிளான்டயர் பட்டணத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மழை விழுந்து சோளம் முழங்கால் அளவு நிற்கிறது. அது விளையும்வரை வயிற்றுக்குப் பூசணி இலைதான்.

தொண்டு செய்ய நீ கூட்டிவந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் நல்லவர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு நாள் பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காலையில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். கடைசி நாள் செய்த காரியம்தான் வினையாகிவிட்டது. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, வலது காலைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, பெயர் எழுதி, அறுபத்து நான்கு காகிதத்தையும் வண்டியில் கொண்டுபோனீர்கள். ஷூ தைக்க அளவு என்றாய். எனக்குப் புரிந்தது. ஆனால் நீ இந்த ஊரில் பிறந்தவள்தானே அம்மா? ஒருவன் காலடி மண்ணை அள்ளினவன் அவன் உயிரை அள்ளினான் என்பது இங்கே உனக்குத் தெரியாதா?

அடிபம்பில் நேற்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மண்ண எடுத்தாகூட பரவால்ல, காலையே எடுத்துட்டுப் போயிட்டாங்களே!"

"சேர்மன் தாத்தா, மறுகாலுக்கு எப்ப வர்றாங்க? சொன்னா கழுவி வெப்போம்ல!"

சிரித்தார்கள். ஆனால் யாரும் எனக்குக் குடத்தைத் தூக்கிவிடவில்லை. பள்ளிக் கமிட்டித் தலைவன் என்று அவர்களை உள்ளே விட்டவன் நான்தானே. டோரிகாவின் மகன் பிலிரானிக்கு, ஆறு வயதுப் பையனுக்கு, முந்தாநாளிலிருந்து காய்ச்சல். காகிதத்தை வைத்து அவன் காலை இழுத்துவிட்டார்கள் என்று அவள் வைத்தியர் வீடு வைத்தியர் வீடாக அலைகிறாள். காகிதங்களை உடனே அனுப்பு.

உன் அப்பா
(பெருவிரல் ரேகை)


பிளான்டயர்
18 ஜனவரி 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

மினிபஸ் டிரைவர் உங்கள் கடிதத்தை நனையாமல் கொண்டுவந்து தந்தார். அடிபம்புப் பெண்களுக்காக நீங்களும் நடுங்கினால் எப்படி அப்பா? ஊர் நம்பிக்கையை மறந்ததற்கு என்னைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். காகிதங்கள் பக்கத்து லிம்பேயில் ஷூ தைப்பவரிடம் இருக்கின்றன. பாதி வேலை முடிந்துவிட்டது. போன மழையில் எத்தனை பிள்ளைகள் காலில் புண்ணோடு வீட்டிலேயே கிடந்தார்கள் என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள்.

பையனுக்கு மலேரியாவாகத்தான் இருக்கும். கிளினிக் ஒன்பது மைல். டோரிகாவிடம் சொல்லுங்கள், யார் சைக்கிளிலாவது ஏற்றிப் போகட்டும்.

பிப்ரவரி பதினைந்தில் ஷூக்களோடு வருகிறோம். கெர்ஸ்டி என்ற அந்த வெள்ளைக்காரப் பெண் "சேர்மன் எப்படியிருக்கிறார்" என்று தினமும் கேட்கிறாள். ஊர் வேண்டாம் என்றால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் அறுவடைவரை கஞ்சி கிடையாது. நீங்கள் பேசினால் கேட்பார்கள்.

உங்கள் எஸ்னாத்தி


நம்பலா
24 ஜனவரி 2003

மகளே,

பிலிரானி செத்துப்போனான். உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே.

துக்க வீட்டுக்கு எல்லோரையும் போல ஒரு கட்டு விறகும் ஒரு தட்டு மாவும் கொண்டுபோனேன். ஊர்த் தலைவரின் தம்பி வாசலிலேயே மறித்தான். "உங்க வெறகுல எங்க புள்ளைக்குச் சோறாக்க வேணாம் பெரியவரே." கட்டைத் தூக்கிப் பாதையில் போட்டான். எழுபத்தொரு வயதில் இந்த ஊரில் எத்தனை சாவுக்கு விறகு கொடுத்திருக்கிறேன், ஒருவரும் திருப்பியதில்லை. யார் விறகைத் துக்க வீடு வாங்கவில்லையோ அவனுக்கு நாளைக்குக் குழி வெட்ட ஆள் வராது. உனக்குத் தெரியும்.

எனக்குப் பதினேழு வயதில், தெற்கே தூரதேசத்து ஜோனி தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்க ஒரு லாரி வந்தது. நீலக் கதவு, பின்பலகையில் ஒன்று உடைந்திருந்தது. வியாழக்கிழமை. அண்ணன் விலேசி மாம்பழம் தின்ற கையோடு பெருவிரலை வைத்தான், காகிதம் மஞ்சளாயிற்று. அவன் திரும்பவில்லை. 'உடம்பைக் காகிதத்தில் விட்டுட்டான்' என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அதனால் இந்த ஊரைப் பைத்தியம் என்று சொல்ல என் வாய் வரவில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது.

ஊருக்கு வரும் பாலத்தில் ஆட்கள் வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி வந்தால் கொளுத்துவார்கள். அதற்கு முன்னால் என் கூரையைக் கொளுத்துவதாகப் பேச்சு. வராதே. காகிதங்களை மட்டும் அனுப்பு.

அப்பா
(பெருவிரல் ரேகை)


பிளான்டயர்
29 ஜனவரி 2003

அப்பா,

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. லிம்பேக்குப் போய்க் காகிதங்களைக் கேட்டேன். ஷூ தைப்பவர் அளவுக்காகக் கோட்டின் மேலேயே கத்தரித்து வைத்திருக்கிறார். அறுபத்து நான்கும் வெட்டின கால்களாக ஒரு அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. இதையா அனுப்புவது? இதைப் பார்த்தால் உங்களை உயிரோடு விடுவார்களா?

கெர்ஸ்டி அழுதுகொண்டு, தானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்கிறாள். நான் விடவில்லை. பயணத்தை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் என்னிடம் வந்துவிடுங்கள். இன்றைக்கே மினிபஸ் ஏறுங்கள்.

எஸ்னாத்தி


நம்பலா
11 பிப்ரவரி 2003

என் எஸ்னாத்திக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. ஜெமுசி மாட்டேன் என்றுவிட்டார். யார் எழுதுகிறார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

வரச் சொன்னாய். நான் ஓடினால் செய்ததை ஒப்புக்கொண்டது போலாகும், நீயும் இந்த ஊரில் கால் வைக்க முடியாது. அதனால் தலைவர் வீட்டு மரத்தடியில் எல்லோரும் இருக்கும்போது ஒரு காகிதத்தைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றேன். "என் காலையும் வரைங்க, ரெண்டு காலையும். அது பட்டணத்துக்குப் போகட்டும். பச்சைச் சோளம் சுட்டுத் தின்னுறவரைக்கும் நான் சாகலேன்னா, புள்ளைங்க காலுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன். தலைவர் யோசித்து, "சரி, உங்க உசுரு, உங்க பேச்சு" என்றார். ஜெமுசி வரைந்தார். அந்தக் காகிதம் இந்நேரம் உன்னிடம் வந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் தும்மினாலும் ஊர் திரும்பிப் பார்க்கிறது. பிள்ளைகள் என் பின்னாலேயே வந்து, "தாத்தா, நல்லாத்தானே இருக்கீங்க?" என்கிறார்கள்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது மகளே.

யாருக்கும் காட்டவில்லை. நடுக்கம் வரும்போது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன், குனிந்து வேலை செய்பவன் நடுங்குவது தெரியாது. நான் செத்தால் நான் மட்டும் சாவதில்லை. மிச்சமுள்ள அறுபத்து மூன்று பிள்ளைகளின் வீடுகளும் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் இனி கிளினிக்குக்குப் போகாது, வெட்டுக்கத்தியோடு பாலத்துக்குத்தான் போகும். 

இன்று மத்தியானம் சோளக் கொல்லையில் விழுந்துவிட்டேன். பக்கத்துக் கொல்லை டோரிகாவினுடையது. அவள்தான் கண்டாள். கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எடுக்கவே இல்லை.

"எம் புள்ளைக்கும் இதே சூடுதான். இதே நடுக்கந்தான். உங்க காலை யாரு இழுத்தா தாத்தா? நீங்களா குடுத்தீங்கல்ல?"

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். "ஒரு வாரமா வைத்தியர் வீடா ஏறுனேன். கிளினிக்குக்குப் போகச் சொல்லி நீங்க ஜெமுசிகிட்டச் சொல்லி அனுப்புன சேதி, உங்க மக கடுதாசி வந்த அன்னைக்கே வந்துச்சு. கிளினிக்கு ஒம்போது மைலு. நான் போகல."

அவள்தான் இதை எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா தாத்தா?" என்றாள். உன் இஷ்டம் என்றேன். எழுதிவிட்டாள்.

நாளைக் காலை அவள் சைக்கிள் பின்சீட்டில் என்னை வைத்துக் கிளினிக்குக்குத் தள்ளிப்போகிறேன் என்கிறாள். கொல்லை வழியாக ஒளிந்து போகலாம் என்றேன். வேண்டாமாம், பாலத்தின் வழியாகத்தானாம், எல்லோரும் இருக்கிற நேரத்திலாம். அங்கே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டேன். தெரியவில்லை என்கிறாள். அவளுக்கும் பயம்தான். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

உன் அப்பா
(பெருவிரல் ரேகை)

எஸ்னாத்தி அக்கா, இந்த வரி என்னுடையது. அவர் கை இன்னும் கொதிக்கிறது, ரேகை வைக்க நான்தான் விரலைப் பிடித்தேன். பாலத்தில் நிறுத்தினால் நிற்க மாட்டேன். டோரிகா.