குளிர்ந்த தண்ணீர் சுட்ட நாள்

அன்புள்ள மகள் அகோயாவுக்கு, கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அம்மா. பழத்தோட்ட வேலையும் அந்த ஊர்க் குளிரும் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். உன் குழந்தை தெயா நலம், இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. பேனா பிடித்தால் என் விரல்களில் எறும்பு ஊர்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மரேத்தா எழுதுகிறாள்.

போன சனிக்கிழமை உன் மாமா நவுவான், பழைய கப்பல் உடைந்து கிடக்கும் பக்கத்தில் பெரிய சிவப்பு மீன் பிடித்து வந்தான். அந்தப் பக்கத்து மீனில் விஷம் இருக்கும் என்பார்களே என்று தயங்கினேன். அவன் ஒரு துண்டை வெயிலில் வைத்து, "ஈ எப்படி மொய்க்குது பாருக்கா, வெசமா இருந்தா ஈ வருமா? வயசாக வயசாக உனக்குப் பயம்தான் கூடுது" என்று சிரித்தான். வீட்டில் மூத்தவள் என்று வழக்கம்போல் மீன் தலை எனக்கு வந்தது, தம்பி வைத்ததை ஒதுக்கக் கூடாதென்று கண், கன்னம், கொழுப்பு எல்லாம் தின்றேன். மற்றவர்கள் சதையில் கொஞ்சம் தொட்டதோடு சரி, தெயாவுக்குக் கஞ்சிதான். மறுநாள் காலை உதடு மரத்தது, பற்கள் ஆடுவது போல் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மதியம் ஆண்கள் எல்லோரும் தேவாலயத்தில் இருந்தார்கள். தெயா சிணுங்கிக்கொண்டே கிடந்தாள். நெற்றியைத் தொட்டேன், சூடு தெரியவில்லை. மரேத்தா தொட்டுவிட்டு "கொதிக்குதும்மா" என்று முணுமுணுத்தாள், அவள் எப்போதும் வாய்க்குள் பேசுகிறவள்தானே, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் குழந்தையின் கண்கள் மேலே செருகின, கைகால் வெட்டியது. மரேத்தா ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து மழைத்தண்ணீர் கொண்டுவந்தாள். வாளியில் கை விட்டேன், நெருப்பில் விட்டது போல் சுட்டது. "பாவி, கொதிக்கிற தண்ணிய புள்ள மேல ஊத்தப் போறியா" என்று அவளை அறைந்தேன், வாளியை நான் விடவே இல்லை. அவள் வாளியைப் பிடுங்கிப் பாதியைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். ஆவி எழவில்லை, தோல் சிவக்கவில்லை, குளிரில் அவள் தாடை நடுங்கியது. "பச்சத் தண்ணிம்மா. வழி விடு" என்றாள். விட்டேன்.

அவள் துணி நனைத்துத் துடைக்கத் துடைக்க வலிப்பு நின்றது. நர்ஸ் வந்து, காதில் சீழ், அதனால் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தாள். மீன் தலை தின்றதையும் தண்ணீர் சுட்டதையும் சொன்னேன், என் கையைப் பார்த்து, "இது மீன் வெசம், தலையிலதான் அதிகம் இருக்கும். குளிர்ந்தது எல்லாம் சுடும், சரியாகிறதுக்கு மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்க கை சொல்றத நம்பாதீங்க" என்றாள். தேவாலயத்திலிருந்து வந்த நவுவான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "ஈயக் கூப்பிட்டுக் கேக்கலாமா மாமா" என்றாள் மரேத்தா. அவள் மாமாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது காலையும் மாலையும் குழந்தையை அவள்தான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறாள், அவள் சொன்னால் சரி. அங்கே நம் ஊர்க்காரர்கள் கூடும்போது யாராவது இங்கிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்தால் தலையைத் தொடாதே, மரியாதைக்குத் தந்தாலும் தொடாதே. கர்த்தர் உனக்கு உடல்நலமும் மன அமைதியும் தந்து திரும்பக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
தெகாரே

அக்கா, இது அம்மா சொல்லாதது. அம்மா தூங்கும்போது அவங்க நெற்றியையும் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இல்லை. — மரேத்தா