விளிம்பில் ஒரு சிவப்பு முடி

அன்புள்ள லியோந்தீனுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பாரிஸில் வேலை அதிகம், அதனால்தான் பதில் போடவில்லை என்று எழுதலாம். அது பொய்.

ரூவான் நகரில் சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கிறாயாமே. பட்டில் ஓடிய விரல்கள் அவை.

நம் முதலாளி தான் உருவாக்கிய உடுப்பின் இடுப்புப் பட்டியில் தன் பெயரைப் பொன்னிழையில் பொறிக்கிறார். நமக்கு அந்த உரிமை இல்லை. கல்யாண உடுப்பு வந்தால், நமக்கும் கல்யாணம் கூடிவரட்டும் என்று நம் தலைமுடி ஒன்றை விளிம்புக்குள் வைத்துத் தைப்போம், அவ்வளவுதான். நீ மட்டும் சிரிப்பாய். "எனக்கு எதுக்குடி மாப்பிள்ளை? இந்த ஊசியே போதும்."

அன்று, விளிம்பில் முடி இருக்கிறதென்று ஒரு மணப்பெண்ணின் தாயார் திருப்பி அனுப்பிய கல்யாண உடுப்பிலிருந்து நம் மேற்பார்வைக்கார மதாம் அந்தச் சிவப்பு முடியை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "யாரோடதுன்னு நான் கேக்கணுமா?"

தையலகத்தில் சிவப்புத் தலை ஒன்றுதான். எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"நான் வைக்கலை மதாம்" என்றாய். அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள்.

அதை உன் சீப்பிலிருந்து எடுத்துத் தைத்தவள் நான். உனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் தைத்தேன். அப்போது என் வாயில் குண்டூசிகள் இருந்தன, அதனால்தான் பேசவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் படியிறங்கும்போது நீ என் கையைப் பிடித்து, "நீ ஒருத்தியாவது என்னை நம்புறியே, அது போதும்டி" என்றாய். அப்போது வாயில் குண்டூசி இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்படிக்கு,
உன் எதிர் நாற்காலியில் இருந்தவள்