கரையான் தின்ற கடைசிக் காட்சி

14 ஜூன்

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் சௌக்கியம். போன் கடையில், அப்பாவின் தையல் மேசைமேலேயே இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

பெரிய செய்தி ஒன்று. பள்ளி நாடகத்தின் கடைசிக் காட்சியை நான்தான் எழுதப்போகிறேன். நூலக அலமாரியில் கிடைத்த பழைய கையெழுத்துப் பிரதி அது. கடைசி நான்கு பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. “எப்பப் பாத்தாலும் புத்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்கியே, நீயே முடி” என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

கதை இதுதான். ஓர் இளவரசி யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, வேறு நாட்டு அரண்மனையில் தோட்டக்காரியாகச் சேர்கிறாள். அங்கே இருக்கும் குதிரைக்காரனும் மாறுவேடத்தில் வந்த இளவரசன். இருவரும் காதலிக்கிறார்கள். நடுவில் மந்திரி மகன் தோட்டக்காரிக்கும், மந்திரி மகள் குதிரைக்காரனுக்கும் உருகுகிறார்கள். நால்வரின் கடிதங்களையும் சுமப்பவள் ஒரே தோழி. ஒன்றைக்கூடச் சரியான ஆளிடம் கொடுப்பதில்லை. கடைசியில் இளவரசியின் அப்பாவான ராஜா தேடிக்கொண்டு வருகிறார். அந்த இடத்தில்தான் கரையான்.

உடைகள் எல்லாம் நம் கடையில் தயாராகின்றன. இளவரசிக்கு மேலே தோட்டக்காரி உடை, உள்ளே பட்டு. தோளில் வெறும் ஓட்டுத் தையல். நூலை இழுத்தால் மேலுடை கழன்று விழும். ராஜா இழுக்கட்டும் என்றார் டீச்சர். அப்பா ஊசியை நிறுத்திவிட்டு, அவளே இழுப்பதுதான் சரி என்றார். ராஜா உடனே சிரித்து மன்னிப்பதாக எழுதியிருக்கிறேன் என்றேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

“அதெப்படி உடனே சிரிப்பான்? என்கிட்ட நேரா சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேக்க மாட்டானா?”

அக்கா, நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆறு மாதம் சொல்லாமல் இங்கேயே இருந்தது தெரிந்த நாளிலிருந்து, இந்த இரண்டு வருடத்தில் அப்பா உன்னைப் பற்றிப் பேசியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை அப்படியே ராஜாவுக்குக் கொடுத்துவிட்டேன். இளவரசி என்ன பதில் சொல்வாள்? எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. நீதான் எழுதி அனுப்ப வேண்டும்.

உன்
புத்தகப் பூச்சி


23 ஜூன்

என் புத்தகப் பூச்சிக்கு,

கதையைப் படித்துவிட்டு உன் மாமா மந்திரி மகனுக்காகத்தான் வருத்தப்பட்டார். பாவம், அவனுக்கும் யாரையாவது பார்த்துக் கட்டிவை.

மூன்று நாள் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். உன் இளவரசி இப்படிச் சொல்லட்டும்:

“தெரியாதுப்பா. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். பேசாம இருந்துடுவீங்களோன்னுதான் பயந்தேன்.”

நான் எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்லாதே. என்னிடம் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இப்போது வேண்டாம். படித்தது போதும், நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


8 ஜூலை

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைத் தபால்காரர் கடையில் கொடுத்துவிட்டார். அப்பா கையெழுத்தைப் பார்த்தார், பிரிக்கவில்லை. நான் பள்ளியிலிருந்து வரும்வரை கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்திருந்து, “உனக்குத்தான்” என்று நீட்டினார்.

நேற்று நாடகம். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். நூல் அறுந்தால் தைக்க, சட்டைக் காலரில் ஊசி குத்திக்கொண்டு அப்பா என் அருகில் நின்றார். தோழி கடிதங்களை மாற்றிக் கொடுத்த காட்சியில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. இளவரசி தானே நூலை இழுத்தாள். பட்டு பளபளவென்று தெரிந்ததும் ஒரே கைதட்டல். ராஜா கேட்டார். இளவரசி நீ எழுதியதைச் சொன்னாள்.

அடுத்து ராஜாவின் முறை. ராஜா வேடம் போட்ட எங்கள் வகுப்புத் தலைவிக்கு வசனம் மறந்துபோனது. என்னைப் பார்த்தாள். நானோ அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தாள் நினைவிலேயே இல்லை. அப்போது அப்பா மெதுவாக, யாரிடம் என்று தெரியாமல் சொன்னார்:

“இளைச்சுப் போயிட்டியேம்மா.”

நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்து, தலைவி அதையே உரக்கச் சொல்லிவிட்டாள். இளவரசியாக நடித்தவள் எங்கள் வகுப்பிலேயே குண்டு. அரங்கம் சிரித்து அடங்க நேரம் ஆனது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஊசியைக் காலரிலிருந்து எடுத்தார், திரும்பவும் அங்கேயே குத்தினார்.

வீட்டுக்கு வரும் வழியில், “அந்தப் பொண்ணு கடைசியா பேசினது உன் எழுத்து இல்ல” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா, சத்தியமாக. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ரவிக்கை தைக்க உன் புது அளவை அனுப்பச் சொல்லி எழுது என்றார். தைத்துத் தபாலில் அனுப்பிவிடுவீர்களா என்று அம்மா கேட்டாள்.

“போட்டுப் பாக்காம எப்படி முடிக்கறது? வந்து போட்டுப் பாக்கட்டும்.”

உன்
புத்தகப் பூச்சி

பி.கு.: மந்திரி மகனைத் தோழிக்குக் கட்டிவைத்துவிட்டேன். மாமாவிடம் சொல்.


15 ஜூலை

என் புத்தகப் பூச்சிக்கு,

தோள் பதினாலு. கை ஒன்பது. கழுத்து ஆறு. இதை மட்டும் தனித்தாளில் எழுதி அப்பாவிடம் கொடு.

இடுப்பளவை எழுதவில்லை. அது இப்போது வாரத்துக்கு ஒன்றாக இருக்கிறது. விட்டுப்போனதைப் பார்த்ததுமே அப்பாவுக்குக் காரணம் புரிந்துவிடும், எத்தனை பேருக்குத் தைத்தவர். நீ எதுவும் சொல்லாதே, அவரும் தெரியாதது போலவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நானும் மாமாவும் வருகிறோம். இந்த முறை நேராக அவரிடம் நானே சொல்கிறேன்.

இளைக்கவில்லை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவை.

அக்கா